கொழுகொழு குழந்தையும் தாயின் சர்க்கரையும்

கேள்வி: முப்பது வாரக் கர்ப்பிணியான என் மகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை 158 இருந்தது. இரண்டு வாரம் உணவைக் குறைத்தும், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின் 138 இருப்பதால் இன்சுலின் போடச் சொல்கிறார்கள். ஊசி மருந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்காதா? குழந்தையின் எடை சற்று அதிகம் என்று ஸ்கேனில் தெரிந்ததற்குச் சம்பந்தி வீட்டார் மகிழ்கிறார்கள். இவளும் பிறந்தபோது நாலே கால் கிலோ, சுகப்பிரசவம்தான். - ஒரு வாசகி, தென்காசி

பதில்: முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். தாய்க்குப் போடும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் செல்வதில்லை. தாண்டிச் செல்வது சர்க்கரைதான். தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அது குழந்தையின் இரத்தத்திலும் மிகுகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் சின்னஞ்சிறு கணையம் தானே இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. அந்த இன்சுலின் மிஞ்சிய சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. கோபன்ஹேகனில் பணியாற்றிய மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களில் முன்வைத்த இந்த விளக்கமே இன்றுவரை அடிப்படையாக இருக்கிறது.

ஆகவே ஸ்கேனில் தெரியும் கூடுதல் எடையை ஊட்டத்தின் அடையாளமாக எண்ண வேண்டாம். அந்தக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றிலும் தோளிலும் சேர்வதால், பிரசவத்தின்போது தலை வெளிவந்த பிறகும் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு; அதனால் குழந்தையின் கை நரம்புகள் பாதிக்கப்படலாம். உங்களுக்குச் சுகப்பிரசவமானது நல்வாய்ப்பு. அதை நம்பி மகளுக்கு வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

138 என்பது சிறிய மிகுதிதானே என்று தோன்றலாம். ஒன்பது நாடுகளில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு, இந்த அளவு வரை கவலையில்லை என்று கோடு போடத்தக்க எல்லை எதுவும் இல்லை, தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் படிப்படியாக ஏறுகிறது என்று காட்டியது. வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின் 120-க்குள் வைத்திருப்பதே இலக்கு. உணவால் அது இயலாதபோது இன்சுலின் தருவது முறையான சிகிச்சை. அதற்கு அஞ்சி மகளைப் பட்டினி போடாதீர்கள். குழந்தையின் வளர்ச்சிக்கு உணவு வேண்டும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ கொடுத்தாலும் இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். வளைகாப்புச் சோற்றையும் இனிப்பையும் ஒரு வாய் ஊட்டுவதோடு நிறுத்தும்படி உறவினர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

சர்க்கரை நோயுள்ள தாய்க்கு எப்போதும் பெரிய குழந்தைதான் பிறக்கும் என்பதுமில்லை. கர்ப்பத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே நோய் வந்து இரத்தக் குழாய்கள் பழுதுபட்டிருந்தால், நஞ்சுக்கொடிக்கு இரத்தம் போதாமல் குழந்தை எடை குறைந்தும் பிறக்கலாம். உங்கள் மகளின் நிலை அதுவன்று.

பிரசவ நாளுக்காக ஒன்றை நினைவில் வையுங்கள். தொப்புள்கொடியை அறுத்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது. ஆனால் அதிக இன்சுலின் சுரந்து பழகிய கணையம் உடனே அடங்குவதில்லை. அதனால் பிறந்த சில மணி நேரங்களில் குழந்தையின் சர்க்கரை திடீரென இறங்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும்; சேனை வைக்கப் பெரியவர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், பதற வேண்டாம்.

பிரசவமாகி ஆறு வாரம் கழித்து மகளுக்கு மீண்டும் குளுக்கோஸ் பரிசோதனை செய்யுங்கள்; பெரும்பாலும் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியிருக்கும் என்றாலும், பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். நாலே கால் கிலோ குழந்தையைப் பெற்ற உங்களுக்கும் அன்று யாரும் கண்டுபிடிக்காத சர்க்கரை இருந்திருக்கலாம். மகளை அழைத்துச் செல்லும்போது உங்கள் இரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அம்மா.