தலை ஸ்கேனும் பிள்ளையின் கண்ணும்

கேள்வி: என் ஆறு வயது மகன் மாடிப்படியில் உருண்டு விழுந்து, மூன்று முறை வாந்தி எடுத்தான். தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்கசிவு இல்லை. வயிற்றுக்கு ஈயக் கவசம் போடவில்லை. கதிர்வீச்சால் கண் கெட்டுவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். இப்போது நன்றாக ஓடியாடுகிறான். ஆனாலும் பத்து நாளில் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அடிபட்டு வாந்தி எடுத்த பிள்ளைக்கு அன்று ஸ்கேன் எடுத்தது சரிதான் அம்மா. அந்த உறுத்தலை முதலில் விடுங்கள்.

கண்ணைப் பற்றிய கேள்வி நியாயமானது. விழிவில்லை, அதாவது கண்ணின் லென்ஸ், அதிகக் கதிர்வீச்சைத் தாங்காது. அளவு மிஞ்சினால் கண்புரை வரும். அதற்கான எல்லையை 2011இல் சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 500 மில்லிகிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று குறைத்தது. தலை ஸ்கேனில் கண் நேராகக் கதிரின் பாதையில் இருந்தால், சுமார் 30 முதல் 60 மில்லிகிரே வரை படும். ஒரு ஸ்கேனில் கண் கெடாது. அடுத்தடுத்து எடுத்தால் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

இந்த அளவையும் குறைக்க முடியும். புருவத்திலிருந்து காதுத் துளைக்கு ஒரு கோடு போட்டால், மூளை பெரும்பாலும் அதற்கு மேலேயே அடங்கிவிடும். அதனால் நான் பிள்ளையின் தலைக்குக் கீழே மடித்த துண்டை வைத்து, மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்துவேன். வெளிச்சக் கோடு புருவத்துக்கு மேலே விழுகிறதா என்று குனிந்து பார்த்த பிறகே பொத்தானை அழுத்தச் சொல்வேன். சில இயந்திரங்களில் வளையத்தையே சாய்க்கலாம். அரை நிமிட வேலை. அவசரத்தில் இதை விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கழுத்திலுள்ள தைராய்டைக் காக்க, தேவையில்லாமல் ஸ்கேனைக் கழுத்துவரை இறக்கக் கூடாது. பெரியவர்களுக்கான அளவைக் குழந்தைக்கு வைக்கவும் கூடாது.

ஈயக் கவசம் போடாததற்கு வருந்த வேண்டாம். வயிற்றை எட்டும் சொற்பக் கதிரில் பெரும்பகுதி உடலுக்குள்ளேயே சிதறி வருவது. மேலே போர்த்தும் கவசம் அதைத் தடுக்காது.

இனி மறு ஸ்கேன். முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை, பிள்ளையும் நன்றாக இருக்கிறான் என்றால், பொதுவாக அது தேவைப்படாது. "இதில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும், டாக்டர்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் எடுங்கள். "எதற்கும் பார்த்துவிடலாம்" என்றால் வேண்டாம். அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து, முதல் ஸ்கேனே யாருக்குத் தேவையில்லை என்று 2009இலேயே விதிகள் வகுத்துவிட்டார்கள்.

ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் ஓடுங்கள். அப்போது ஸ்கேன் என்றால் தயங்காதீர்கள்.

முதல் ஸ்கேனின் பிலிமையும் படம் பதிந்த குறுந்தகட்டையும் பத்திரமாக வையுங்கள். பழைய படம் கையில் இல்லாததால் ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் ஸ்கேன் எடுக்கப்பட்ட ஒரு சிறுமியை நான் பார்த்திருக்கிறேன். எங்கே போனாலும் அந்த உறையை முதலில் மேசைமேல் வையுங்கள்.