மாருதியின் ஸ்விஃப்ட் கார் இத்தனை லட்சம் விற்றதற்கு அதன் தோற்றம் மட்டும்தான் காரணமா?

தோற்றம் வாடிக்கையாளரை ஷோரூம் வரை அழைத்து வந்தது உண்மைதான். ஆனால் ஸ்விஃப்ட் தெருவுக்குத் தெரு நிற்கக் காரணம் வரிச் சலுகையும் டீசல் இன்ஜினுமே என்பது, தில்லி மயூர் விஹாரில் நெடுங்காலம் வசித்து அந்தக் காரின் வளர்ச்சியைக் கண்டுவந்த என் உறுதியான கருத்து.

2005 மே மாதம் அறிமுகமானபோது இதில் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் மட்டுமே இருந்தது. மறு ஆண்டு மத்திய பட்ஜெட், 4 மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோலானால் 1200 சிசி (இன்ஜினின் கொள்ளளவு), டீசலானால் 1500 சிசிக்கு மிகாத இன்ஜினும் கொண்ட கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. நீளத்தில் தேறிய ஸ்விஃப்ட், 1298 சிசி இன்ஜினால் அந்தச் சலுகையை இழந்தது. 2007இல் ஃபியட் தொழில்நுட்பத்தில் அமைந்த 1248 சிசி டீசல் வந்ததும் அதற்குச் சலுகை கிடைத்தது. பெட்ரோல் வகையோ 2010இல் 1197 சிசி இன்ஜின் வரும்வரை காத்திருந்தது.

அதே ஆண்டு ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, டீசலுக்கு நீடித்தது. 2012 மே மாத இறுதியில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாயை ஒட்டியே இருந்தது. நாள்தோறும் தில்லியை அடுத்த குர்கானுக்கு வேலைக்குப் போய்வந்த எங்கள் பகுதியினர் வேறு எதைத்தான் வாங்குவார்கள்? நிமிடத்துக்கு 2000 சுழற்சி (ஆர்பிஎம்) வரை மந்தமாக இழுத்து, கூடுதல் காற்றை அழுத்தித் தரும் டர்போ வேலை செய்யத் தொடங்கியதும் முதுகை இருக்கையோடு அழுத்தும் அந்த இன்ஜினை ஓட்டியவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஸ்விஃப்ட் தயாரான மானேசர் ஆலை, 2012 ஜூலையில் ஒரு மேலாளரின் உயிரைப் பறித்த வன்முறைக்குப் பின் ஏறத்தாழ ஒரு மாதம் மூடப்பட்டது. அப்படியிருந்தும் 2013இல், அறிமுகமானதிலிருந்து விற்ற ஸ்விஃப்ட்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைக் கடந்தது.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. அடுத்த ஆண்டு, பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் தில்லியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்னும் புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. ஆயினும் 2018இல் 20 லட்சத்தை எட்டியிருந்த விற்பனை, 2024இல் 30 லட்சத்தைத் தொட்டது. ஊர்ந்து செல்லும் நெரிசலில் கிளட்ச் மிதிக்கும் வேலையை ஒழித்த, தானே மாறும் ஏஎம்டி கியருக்கு இதில் பெரும் பங்கு உண்டென்பேன்.

2024 மே மாதம் வந்த நான்காம் தலைமுறையின் மூன்று சிலிண்டர் இன்ஜின் மைலேஜில் முந்துகிறது. ஓட்டத்தின் மென்மையில் பழைய நான்கு சிலிண்டரே மேல். ஆனால் முந்தைய தலைமுறையில் ஜன்னலோரத் தூணில் ஒளிந்திருந்த பின்கதவின் கைப்பிடியை மீண்டும் கதவிலேயே வைத்திருக்கிறார்கள். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டில் அது பெரிய வசதி.