சீரியல் கம்பி வழியே என்.எஃப்.எஸ்.: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என்.எஃப்.எஸ். என்பது வேறொரு கணினியின் (சர்வர்) கோப்புகளை நெட்வொர்க் வழியே நம் கணினியில் (கிளையன்ட்) இணைத்து, அதாவது மவுன்ட் செய்து, பயன்படுத்தும் முறை.

கேள்வி: எங்கள் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பலகையில் ஈதர்நெட் கிடையாது, சீரியல் போர்ட் மட்டும்தான். நொடிக்கு 115200 பிட் வேகத்தில் பி.பி.பி. (சீரியல் கம்பியில் நெட்வொர்க் ஓட்டும் முறை) இணைப்பு கொடுத்து, யு.டி.பி. (சேர்ந்ததா என்று பார்க்காமல் பொட்டலம் அனுப்பும் முறை) வழியே என்.எஃப்.எஸ். மவுன்ட் செய்திருக்கிறோம். ஒரு தடவையில் கேட்கும் துண்டின் அளவு 8192 பைட், டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 7. பிங் (இணைப்புச் சோதனை) நன்றாகப் போகிறது, சின்னக் கோப்புகள் திறக்கின்றன. 20 கேபி கோப்பைத் திறந்தாலே ‘சர்வர் பதில் தரவில்லை, தொடர்ந்து முயல்கிறோம்’ என்ற செய்தி வந்து நின்றுவிடுகிறது. கேபிள் கோளாறா? (ஓசூர்)

பதில்: கேபிளை விடுங்கள், முதலில் கணக்கைப் பாருங்கள். சீரியலில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னே ஒரு தொடக்க பிட், பின்னே ஒரு நிறுத்த பிட். ஆக ஒரு பைட்டுக்கு 10 பிட்; 115200 என்பது நொடிக்கு 11,520 பைட்தான். உங்கள் 8192 பைட் துண்டு ஒன்று வந்து சேர 0.71 நொடி ஆகும். டைம்அவுட் 7 என்றால் நொடியில் பத்தில் ஏழு, அதாவது 0.7 நொடி. பதில் கம்பியில் வந்துகொண்டிருக்கும்போதே கிளையன்ட் பொறுமை இழந்து அதே கோரிக்கையை மறுபடி அனுப்பிவிடுகிறது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. கிளையன்ட் கோப்பின் அடுத்தடுத்த துண்டுகளையும் முன்கூட்டியே கேட்டுவைக்கும். முதல் பதில் போய் முடியும்வரை இரண்டாவது பதில் வரிசையில் நிற்கும், மூன்றாவது அதற்கும் பின்னால். எல்லாமே காலாவதியாகி எல்லாமே மறுபடி கேட்கப்படும். சர்வரும் சளைக்காமல் ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்ப முழுப் பதில் அனுப்பும். கம்பி நிறைய ஓட்டம் இருக்கும், கோப்பு மட்டும் வராது. தவிர, 1500 எம்.டி.யு.வில் (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, பைட்டில்) ஒரு துண்டு 6 பொட்டலங்களாக உடைகிறது. அதில் ஒன்று கெட்டாலும் ஆறையும் மறுபடி அனுப்ப வேண்டும்.

யு.டி.பி.யை விட்டு, பொட்டலம் சேர்ந்ததா என்று தானே பார்த்துக்கொள்ளும் டி.சி.பி.க்கு மாறுங்கள். வாசிப்பு, எழுத்து இரண்டுக்கும் துண்டின் அளவு 1024, டைம்அவுட் 600 (60 நொடி) போதும். தொலைந்த பொட்டலத்தை டி.சி.பி.யே இணைப்பின் வேகத்தை அளந்து மறுபடி அனுப்பிக்கொள்ளும், என்.எஃப்.எஸ். அவசரப்பட வேண்டியதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. வான் ஜேக்கப்சன் 1990இல் வகுத்த தலைப்புச் சுருக்கம் 40 பைட் டி.சி.பி./ஐ.பி. தலைப்பை 3 முதல் 5 பைட்டாக்கிவிடும். யு.டி.பி.க்கு அந்தச் சலுகை இல்லை.

பலகையின் பழைய கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) யு.டி.பி. தவிர வழியில்லை என்றால் துண்டு 1024, டைம்அவுட் 50. அலகு பத்தில் ஒரு நொடி என்பதை மறந்து ‘5 நொடிதானே’ என்று 5 எழுதினால் அரை நொடியாகிவிடும். ‘இன்னும் சின்னதாக இருக்கட்டும்’ என்று 512 போடவும் வேண்டாம்: 1024க்குக் கீழே எதைக் கொடுத்தாலும் லினக்ஸ் அதை 4096ஆக எடுத்துக்கொள்ளும். மவுன்ட்டை முழுதாகக் கழற்றி மறுபடி போட்ட பிறகு, நடப்பில் உள்ள மதிப்புகளை ப்ராக் மவுன்ட்ஸ் (/proc/mounts) கோப்பில் சரிபாருங்கள். என்.எஃப்.எஸ்.ஸ்டாட் (nfsstat) கட்டளை காட்டும் மறுஅனுப்பு எண்ணிக்கை ஏறாமல் நின்றால் வேலை முடிந்தது.

எம்.டி.யு.வை 576ஆகக் குறைப்பதும் நல்லது. 1500 பைட் பொட்டலம் 9600 வேகத்தில் ஒன்றரை நொடிக்கு மேல் கம்பியை அடைத்துக்கொள்ளும். அந்த வேகத்தில் 296 வையுங்கள்.

கேள்வி: டி.சி.பி., 1024 எல்லாம் வைத்தாயிற்று. ஆனாலும் வேகம் விட்டுவிட்டு வருகிறது, சில நொடி அப்படியே நிற்கிறது. (கோயம்புத்தூர்)

பதில்: இப்போது கேபிளைப் பாருங்கள். பல கேபிள்களில் 2, 3, 5 என்று மூன்று கம்பிதான் இருக்கும். 9 முனை நல் மோடம் (null modem, இரு கருவிகளை நேரடியாக இணைக்கும் குறுக்குக் கேபிள்) கேபிளில் 2ஆம் முனை மறுபக்கம் 3க்கும், 3ஆம் முனை 2க்கும், 5 நேராக 5க்கும் போக வேண்டும். ‘நிறுத்து, அனுப்பு’ என்று சொல்லும் 7, 8 முனைகளும் குறுக்கே மாற வேண்டும். அவை இல்லாமல் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டை இயக்கினால் பெரும்பாலும் ஒரு பைட்கூடப் போகாது. அணைத்துவிட்டால் போகும், ஆனால் வாங்கும் பக்கம் கொஞ்சம் அசந்தாலும் ஒரு பைட் தவறும், பி.பி.பி. அந்த முழுச் சட்டகத்தையும் தூக்கி எறியும், டி.சி.பி. பின்வாங்கிக் காத்திருக்கும். நீங்கள் பார்க்கும் நிறுத்தம் இதுவாகத்தான் இருக்கும்.

பலகையில் 8250 அல்லது 16450 சீரியல் சில்லு இருந்தால் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அவற்றில் வந்த பைட்டுகளைத் தேக்கிவைக்கும் தாங்குவரிசையே இல்லை. 16550ஏ-வில் 16 பைட் இருக்கிறது. சாதாரண சீரியல் போர்ட்டாக இருந்தால் ப்ராக் அடைவில் டிடிஒய், டிரைவர், சீரியல் (/proc/tty/driver/serial) என்று போய்ப் பாருங்கள். ‘ஓஇ’ எண்ணிக்கை ஏறினால் பைட் தவறுகிறது. ‘எஃப்இ’ ஏறினால் வேகப் பொருத்தம் இல்லை அல்லது கம்பியில் இரைச்சல். ஒரு எளிய சோதனை: 1000 பைட் பிங் 115200இல் போய்வரச் சுமார் 0.18 நொடி ஆக வேண்டும். நூறு அனுப்பிப் பாருங்கள், ஒன்றுகூடத் தொலையக் கூடாது.

அதே போர்ட்டில் லாகின் கன்சோல் (பெயர், கடவுச்சொல் கேட்டு உள்ளே விடும் நிரல்) ஓடுகிறதா என்றும் பாருங்கள், ஓடினால் நிறுத்துங்கள். பலகையின் முனைகள் 3.3 வோல்ட் என்றால் ஆர்.எஸ்.232 கேபிளை நேராகச் செருகவே கூடாது, சில்லு எரிந்துவிடும். இடையில் மேக்ஸ்3232 மின்னழுத்த மாற்றிச் சில்லு கட்டாயம்.

கேள்வி: இணைப்பு அறுந்தால் நிரல் தொங்கிவிடுகிறது. சாஃப்ட் மவுன்ட் போடலாமா? (சேலம்)

பதில்: எழுதும் மவுன்ட்டில் போடாதீர்கள். சாஃப்ட்டில் நேரம் கடந்ததும் பிழையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அந்தப் பிழையைக் கவனிக்காத நிரல் பாதிக் கோப்பை முழுக் கோப்பாக நினைத்துக்கொள்ளும். மெதுவான இணைப்பில் இது என்றோ ஒருநாள் நடப்பதல்ல, வழக்கமாக நடப்பது. படிக்க மட்டும் என்றால் சரி. பதில் வரும்வரை விடாமல் முயலும் ஹார்ட் மவுன்ட்டில் தொங்கும் நிரலை லினக்ஸ் 2.6.25க்குப் பிந்தைய கெர்னல்களில் கில் 9 (நிரலைக் கட்டாயமாக நிறுத்தும் கட்டளை) அனுப்பி விடுவிக்கலாம்.

கேள்வி: பழைய கருவி ஒன்று ஸ்லிப் (பி.பி.பி.க்கு முந்தைய எளிய சீரியல் முறை) மட்டுமே பேசுகிறது. அதில் என்.எஃப்.எஸ். ஓடுமா? (சென்னை)

பதில்: ஓடும், ஆனால் நம்பக் கூடாது. ஸ்லிப்பில் பிழை கண்டறியும் கூட்டுத்தொகை இல்லை. பழைய சில யூனிக்ஸ்களில் யு.டி.பி. கூட்டுத்தொகையும் அணைத்தே வரும். இரண்டும் சேர்ந்தால் கெட்ட பைட் யாருக்கும் தெரியாமல் கோப்பில் உட்கார்ந்துவிடும். இரு பக்கமும் யு.டி.பி. கூட்டுத்தொகையை இயக்குங்கள், முடியாவிட்டால் படிக்க மட்டும் மவுன்ட் செய்து, கோப்பின் எம்டி5 (கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) சரிபாருங்கள்.

கேள்வி: 500 லாக் கோப்புகள் உள்ள அடைவைப் பட்டியலிட்டால் பல நொடி ஆகிறதே? (திருச்சி)

பதில்: என்.எஃப்.எஸ். 3ஆம் பதிப்பு பெயரோடு ஒவ்வொரு கோப்பின் முழு விவரத்தையும் சேர்த்துக் கேட்கும். கோப்புக்கு 150 பைட்டுக்கு மேல் என்றால் 500க்கு 75 கேபி, அதாவது 115200இல் ஆறரை நொடியாவது. பெயர்கள் மட்டும் போதுமென்றால் ‘நோஆர்டிர்பிளஸ்’ (nordirplus) என்ற மவுன்ட் தெரிவைக் கொடுங்கள், நான்கில் ஒரு பங்காகும். ஆனால் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையுடன் மைனஸ் எல் (ls -l) போட்டால் கோப்புக்கு ஒரு கேள்வியாகப் போய் இன்னும் மோசமாகும். அடைவு அடிக்கடி மாறாது என்றால் விவரங்களை எத்தனை நொடி நினைவில் வைப்பது என்று சொல்லும் ‘ஆக்டைமியோ’ (actimeo) தெரிவை 600 ஆக்குங்கள், பத்து நிமிடத்துக்குப் பழைய விவரமே காட்டும் என்பது நினைவிருக்கட்டும். மாதவாரியாகத் துணை அடைவுகளில் பிரித்துவைப்பதே எனக்குப் பிடித்த தீர்வு.

கேள்வி: நிரலையே இந்த மவுன்ட்டிலிருந்து ஓட்டலாமா? (மதுரை)

பதில்: 1 எம்பி நிரல் முழுதாக வர 91 நொடி. அதையும் மொத்தமாகக் கொண்டுவராது. தேவைப்படும் பக்கத்தைத் தேவைப்படும்போது இழுக்கும், ஒவ்வொரு முறையும் நிரல் உறைந்து நிற்கும். ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுப்பு நிரலை வைத்து, சுருக்கும் தெரிவோடு பலகைக்கு நகலெடுத்து அங்கேயே ஓட்டுங்கள். அடுத்த முறை மாறிய பகுதி மட்டும் போகும். அமைப்புக் கோப்பு, சின்ன ஸ்கிரிப்ட், அவ்வப்போது எட்டிப்பார்க்கும் லாக் ஆகியவற்றுக்கு மவுன்ட்டை வைத்துக்கொள்ளுங்கள்.