நாலு லட்சம் சம்பளமும் நங்கநல்லூர் அம்மாவும்

வணக்கம் ஐயா,

ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. சம்பளம் 4,000 யூரோ. நங்கநல்லூரில் இருக்கும் அம்மா, "நாலு லட்சம் வாங்குற, வீட்டு வேலைக்கு ஒரு ஆள் வெச்சுக்கக் கூடாதா?" என்கிறார். மாமா வேளச்சேரி ஃபிளாட்டுக்குப் பத்து லட்சம் கேட்கிறார். எப்படி விளக்கினாலும் சண்டையில் முடிகிறது. ஜெர்மன் குடியுரிமை வாங்கலாமா என்றும் யோசனை.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

குடியுரிமைக்கு ஐந்தாண்டு அங்கே வசித்திருக்க வேண்டும். இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

நாலு லட்சம் என்ற கணக்கை அம்மாவுக்குச் சொன்னது யார்? நீங்கள்தானே! பிடித்தத்துக்கு முந்தைய தொகையைச் சொல்லிவிட்டு, அவர் பெருக்கிப் பார்த்தால் கோபப்படுகிறீர்கள். மாதாமாதம் பால் கணக்கு எழுதியே குடும்பம் நடத்தியவருக்குச் சம்பளச் சீட்டு புரியாதா? வீடியோ காலில் ஒவ்வொரு வரியாகக் காட்டுங்கள். பென்ஷனுக்கு 9.3 சதவீதம், அதாவது 372 யூரோ. மருத்துவக் காப்பீடு, வேலையிழப்புக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு, அப்புறம் வருமான வரி. தனியாளுக்குக் கையில் வருவது ஏறக்குறைய 2,600. அதில் வாடகை எவ்வளவு, குளிருக்கு வீட்டைச் சூடாக்க எவ்வளவு என்று சொல்லுங்கள். டிவியே இல்லாத வீடும் ஒளிபரப்புக் கட்டணமாக மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்; அம்மா உங்களுக்காக அந்த அரசாங்கத்தையே திட்டுவார்.

வேலைக்கு ஆள் வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 2026 ஜனவரியிலிருந்து அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 720 யூரோவுக்கு மேல். யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தாலும் 72,000 ரூபாய். வரவைப் பெருக்குகிற அதே நூறால் இதையும் பெருக்கச் சொல்லுங்கள். சென்னையில் சில ஆயிரத்துக்கு ஒரு பெண்மணி வந்து பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்துவிட்டுப் போகிறார். நம் நடுத்தர வர்க்கத்தின் சொகுசில் பாதி அவருக்கு நாம் கொடுக்காத கூலி. அந்தக் கூலியைக் கொடுக்கிற ஊரில் நீங்கள் இருக்கிறீர்கள், அதனால் உங்கள் பாத்திரத்தை நீங்களே தேய்க்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மாவிடம் இதை மறைக்காமல் பேசுங்கள். நங்கநல்லூர் வீட்டில் வேலை செய்பவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கவும் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே பகல் 12 மணிக்குக் கூப்பிடுங்கள். குளிர்காலத்தில் இங்கே மாலை 4.30, அம்மா காபி குடிக்கிற நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அது 3.30 ஆகிவிடும், அவர் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

மாமாவிடம் எவ்வளவு முடியும் என்று தொகையாகச் சொல்லுங்கள், முடியாதென்றால் முடியாது என்று சொல்லுங்கள். "பார்க்கலாம் மாமா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை நம்பி அவர் பில்டரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.