நிறம் மாறிய திரை, மங்கிய எழுத்து: வாசகர் கேள்வி – பதில்

மானிட்டர் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை சேர்த்திருக்கிறோம். விண்டோஸ் மெனுப் பெயர்கள் திரையில் இருப்பது போலவே தரப்பட்டுள்ளன. சொல்லியிருக்கும் வழி விண்டோஸ் 11-க்கு உரியது. 10-இலும் பெயர்கள் சற்று மாறினாலும் ஏறக்குறைய அதே இடம்தான்.

கேள்வி: 22 அங்குல பழைய மானிட்டர், விஜிஏ கேபிள். ஒரு வாரமாகத் திரை முழுக்க ரோஸ் நிறம் அடிக்கிறது. கேபிள் பக்கம் தட்டினால் சில நேரம் சரியாகிறது. கடையில் "பேனல் போச்சு, புதுசு வாங்குங்க" என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா? – வாசகர், செந்தூல்

பதில்: அவசரப்பட வேண்டாம். தட்டினால் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேனல் போயிருந்தால் கேபிளைத் தட்டி என்ன ஆகப்போகிறது?

மானிட்டரில் உள்ள மெனு பட்டனை அழுத்துங்கள். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்று வரும் அந்தச் சின்னக் கட்டத்தை வரைவது மானிட்டர்தான். கம்பியூட்டருக்கோ கேபிளுக்கோ அதில் பங்கில்லை. சுற்றிலும் ரோஸாக இருக்கும்போது மெனுவின் வெள்ளை எழுத்து வெள்ளையாகவே தெரிந்தால் பேனலுக்கு ஒன்றுமில்லை, கோளாறு கேபிளிலோ கம்பியூட்டரிலோ இருக்கிறது. மெனுவும் ரோஸாக இருந்தால் மானிட்டருக்குள். கடைக்காரர் இந்த ஒரு பட்டனை அழுத்திப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் வருகின்றன. பிளக்கின் 1-ஆம் பின் சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். ஒன்று விட்டுப்போனால் மற்ற இரண்டின் கலவைதான் திரையில் மிஞ்சும். சிவப்பு போனால் எல்லாம் நீலப்பச்சை, நீலம் போனால் மஞ்சள், பச்சை போனால் உங்கள் வீட்டு ரோஸ். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது 2-ஆம் பின்.

கம்பியூட்டர், மானிட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு, கேபிளின் திருகாணிகளைக் கழற்றி உருவுங்கள். பிளக்கின் பின்கள் உங்களைப் பார்க்க, அகன்ற பக்கம் மேலே வரும்படி பிடித்தால் மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது அது. டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்திருந்தால் லெட் எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் நுனியைப் பின் மேல் மாட்டி மெதுவாக நிமிர்த்தலாம். ஒரே தடவையில் முடியுங்கள். மறுபடி மறுபடி வளைத்தால் ஒடிந்துவிடும். நடு வரிசையில் ஒரு பின் இல்லையே என்று பதறாதீர்கள், 9-ஆம் பின் பல கேபிள்களில் தயாரிப்பிலேயே இருக்காது. பின்கள் கறுத்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகி, இரண்டு முனையிலும் திருகாணியை முழுக்க முடுக்குங்கள். பாதி முடுக்கிய பிளக் தன் எடையிலேயே சாய்ந்து இதே தொல்லையைத் தரும்.

அப்படியும் ரோஸ் போகவில்லை என்றால் வேறு கேபிள். விஜிஏ கேபிள் மலிவு, பக்கத்து வீட்டில் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. புதுக் கேபிளிலும் அதே நிறம், ஆனால் வேறு கம்பியூட்டரில் மாட்டினால் சரி என்றால் உங்கள் கம்பியூட்டரின் சாக்கெட்தான் குற்றவாளி.

மெனுவும் ரோஸ் என்றால், அதிலேயே 'ரீசெட்' அல்லது 'ஃபேக்டரி ரீசெட்' இருக்கும், அதை முதலில் செய்யுங்கள். பிள்ளைகள் பட்டனை நோண்டி ஆர், ஜி, பி (சிவப்பு, பச்சை, நீலம்) எண்களை மாற்றியிருக்கலாம். அதிலும் தீரவில்லை என்றால் அப்போது புதிது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். நீங்களே திறக்க வேண்டாம். எல்இடிக்கு முந்தைய மானிட்டர்களில் பின்விளக்குக் குழாய்க்கு நூற்றுக்கணக்கான வோல்ட் போகிறது.

கேள்வி: விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகு 1024×768 மட்டுமே காட்டுகிறது. படத்தில் ஆட்கள் எல்லாம் குண்டாகத் தெரிகிறார்கள். – வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: 1024×768 என்பது 4:3 அளவு. உங்கள் திரை 16:9. பக்கவாட்டில் இழுத்து நிரப்புவதால்தான் ஆட்கள் குண்டாகிறார்கள்.

ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' போங்கள். 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழ் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது படம் காட்டும் சிப்பை இயக்கும் மென்பொருள், ஏறவில்லை. லேப்டாப் என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு இறக்குங்கள். டெஸ்க்டாப் என்றால் அந்தச் சிப் இன்டெல், ஏஎம்டி, என்விடியா இவற்றில் எதுவோ அதன் தளத்தில். டிரைவர் தேடித்தருவதாகச் சொல்லும் மூன்றாம் நபர் புரோகிராம்களைத் தொடவே தொடாதீர்கள்.

டிரைவர் சரியாக இருந்தும் அளவு கூடவில்லை என்றால், அதே டிவைஸ் மேனேஜரில் 'மானிட்டர்ஸ்' என்பதைப் பாருங்கள். 'ஜெனரிக் நான் பிஎன்பி மானிட்டர்' என்று இருந்தால், மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் தகவல் கம்பியூட்டருக்கு வந்து சேரவில்லை. ஈடிஐடி எனப்படும் அந்தத் தகவல் விஜிஏவில் 12, 15-ஆம் பின்கள் வழியாக வருகிறது. நிறம் எல்லாம் ஒழுங்காக இருக்கும், அளவு மட்டும் மாட்டிக்கொள்ளும். நடுவில் ஸ்பிளிட்டரோ மலிவான கன்வெர்ட்டரோ இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: வயது 68. எழுத்து சின்னதாக இருந்ததால் ரெசல்யூஷனைக் குறைத்துக் கொடுத்தான் பேரன். பெரிதாயிற்று, ஆனால் கலங்கலாக இருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டுமா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கண்ணாடி இருக்கட்டும் ஐயா, பேரன் செய்ததை முதலில் திருப்புவோம்.

எல்சிடி திரையில் புள்ளிகள் நிலையானவை. 1920×1080 திரையில் குறுக்கே 1920 புள்ளிதான், கூடாது, குறையாது. 1280×720 என்று குறைத்தால் ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியில் காட்டச் சொல்கிறோம். அரைப் புள்ளி கிடையாதே! பக்கத்துப் புள்ளியோடு கலந்து ஒப்பேற்றுகிறது. அந்தக் கலப்புதான் உங்களுக்குக் கலங்கலாகத் தெரிகிறது.

'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே' போய் 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்' பட்டியலில் 'ரெக்கமெண்டட்' என்று போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலேயே 'ஸ்கேல்' இருக்கிறது, அதை 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். புள்ளி குறையாமல் எழுத்து மட்டும் பெருக்கும். இன்னும் போதவில்லை என்றால் 'அக்சஸிபிலிட்டி', 'டெக்ஸ்ட் சைஸ்'.

இதற்குப் பின் ஏதாவது ஒரு பழைய புரோகிராம் மட்டும், பெரும்பாலும் கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர், மங்கலாகத் தெரியலாம். அதன் ஐகானை வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி', 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' போய், கீழே உள்ள 'ஓவர்ரைடு' கட்டத்தில் டிக் போட்டு 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள் பேரனிடம்.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடை. இணையத்திலும் விற்கிறோம். நாங்கள் மானிட்டரில் பார்த்துத் திருத்தும் நிறம் ஒன்று, வாடிக்கையாளர் கைப்பேசியில் தெரிவது ஒன்று, கையில் கிடைக்கும் சேலை மூன்றாவதாக ஒன்று. முக்கியமாக அரக்கும் மயில்கழுத்தும். திருப்பி அனுப்புகிறார்கள். – வாசகி, கோலாலம்பூர்

பதில்: வாடிக்கையாளரின் கைப்பேசி உங்கள் கையில் இல்லை. உங்கள் பக்கம் ஒழுங்காக இருந்தால் திருப்பி வருவது குறையும், அடியோடு நிற்காது.

மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். அரை மணி நேரம் எரியவிட்டு நிறத்தைப் பாருங்கள், போட்டவுடனே பார்க்காதீர்கள். மானிட்டர் மெனுவில் 'எஸ்ஆர்ஜிபி' (திரைகளும் இணையமும் பொதுவாகப் பின்பற்றும் நிற அளவு) என்று ஒரு மோட் இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் கலர் டெம்ப்ரேச்சர் 6500கே. 'டைனமிக் கான்ட்ராஸ்ட்', 'விவிட்', 'கேம்' எல்லாம் அணைக்க வேண்டியவை. கண்ணுக்கு இதம் என்று கடையில் புகழ்கிற 'லோ புளூ லைட்' சேலை விற்பவருக்கு எதிரி, வெள்ளையைச் சந்தனமாக்கிவிடும். விண்டோஸின் 'நைட் லைட்'டும் அப்படியே. பிரைட்னஸ் நூறில் இருந்தால் குறையுங்கள். திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை. மிக வெளிச்சமான திரையில் திருத்திய படம் மற்றவரிடம் இருட்டாகப் போகும். வியாபாரம் பெரிது என்றால் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை அளந்து புரொஃபைல் (அந்தத் திரைக்கான நிறத் திருத்தக் கோப்பு) போடுவது கண்ணால் செய்வதைவிடப் பல மடங்கு மேல்.

மலிவான டிஎன் பேனல் மானிட்டரா என்றும் பாருங்கள். தலையை மேலும் கீழும் ஆட்டினால் நிறம் மாறுகிறதா? மாறினால் அதில் நிறம் திருத்துவது வீண் வேலை. கோணம் மாறினாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் பேனல் வாங்குங்கள்.

அடுத்து படம். கடையின் மஞ்சள் விளக்கும் வாசலில் வரும் பகல் வெளிச்சமும் ஒரே சேலையில் விழுந்தால் எந்தச் சாஃப்ட்வேராலும் சரிசெய்ய முடியாது. ஒன்றை மறையுங்கள். விளக்கு வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். சிஆர்ஐ குறைந்த விளக்கில் அரக்கு செத்துப்போகும். முதல் படத்தில் சாம்பல் நிற அட்டையைச் சேலையோடு வைத்து எடுத்து, அதை வைத்து வொயிட் பேலன்ஸ் சரிசெய்து, அதே அளவை மற்றப் படங்களுக்கும் போடுங்கள். சேமிக்கும்போது கட்டாயம் எஸ்ஆர்ஜிபி. கேமரா அதைவிட அகன்ற நிற அளவான 'அடோபி ஆர்ஜிபி'யில் இருந்தால், புரொஃபைலைப் படிக்காத செயலிகளில் படம் வெளிறித் தெரியும்.

மயில்கழுத்து தனிக் கதை. பாவு (நெடுக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நீலமும் பச்சையும் மாறி மாறி எழும். ஒரு படத்தில் அது அடங்காது. தவிர, ஆழ்ந்த நீலப்பச்சை எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே இருக்கிறது, திரை அதைச் சற்று மங்கலாக்கித்தான் காட்டும். மடிப்பாக ஒரு படம், விரித்து வேறு கோணத்தில் ஒரு படம், கூடவே முந்தியை ஆட்டிக் காட்டும் சின்ன வீடியோ போடுங்கள். விவரத்தில் "நீலப் பாவு, பச்சை ஊடை" என்று எழுதிவிடுங்கள். நிறத்தைத் தெரிந்து வாங்கியவர் திருப்பி அனுப்ப மாட்டார்.

கேள்வி: 4கே மானிட்டர் வாங்கினேன். பழைய லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மாட்டினால் மவுஸ் இழுத்து இழுத்துப் போகிறது. – வாசகர், ஸ்தாப்பாக்

பதில்: 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே', 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' போய்ப் பாருங்கள், 30 ஹெர்ட்ஸ், அதாவது படம் வினாடிக்கு 30 தடவை மாறுகிறது என்று இருக்கும். 3840×2160 புள்ளி, புள்ளிக்கு 24 பிட், வினாடிக்கு 60 தடவை என்று பெருக்கினால் ஏறக்குறைய 12 ஜிகாபிட். எச்டிஎம்ஐ 1.4-இன் மொத்தக் கொள்ளளவே 10.2. அதனால் பாதியாகக் குறைத்து 30-இல் அனுப்புகிறது. எச்டிஎம்ஐ 2.0-க்கு 18 ஜிகாபிட், அதில் 60 போகும். கேபிளை மாற்றி லேப்டாப்பின் சாக்கெட்டை மாற்ற முடியாது. ஆனால் அதே லேப்டாப்பில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தால் அதில் 60 வரும். யூஎஸ்பி-சி என்றால் எல்லா யூஎஸ்பி-சியும் படம் அனுப்பாது, லேப்டாப் விவரத்தில் யூஎஸ்பி-சி வழியே படம் அனுப்பும் 'டிபி ஆல்ட் மோட்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லோயாட் பிளாசா பக்கம் கேபிள் வாங்கக் கிளம்புங்கள். இரண்டும் இல்லையா? 2560×1440-இல் 60 வைத்துப் பாருங்கள். எழுத்து ஒரு பொட்டு மங்கும், மவுஸ் ஓடும்.

லேப்டாப் புதிதாக இருந்தும் 30-இலேயே நின்றால் மானிட்டர் மெனுவில் எச்டிஎம்ஐ பதிப்பு 1.4 என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் பெட்டியிலிருந்து அப்படியே வரும்.

கேள்வி: எச்டிஎம்ஐக்கு மாறியதும் கறுப்பு எல்லாம் சாம்பலாகிவிட்டது. விஜிஏவில் நன்றாக இருந்தது. – வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: உங்கள் மானிட்டரை டிவி என்று நினைத்து அனுப்புகிறது கம்பியூட்டர். டிவிக் கணக்கில் கறுப்பு 16, வெள்ளை 235. மானிட்டர் கணக்கில் கறுப்பு 0, வெள்ளை 255. 16-ஐ 16-ஆகவே காட்டினால் சாம்பல்தான். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கத்தில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' என்பதை 'ஃபுல்' ஆக்குங்கள். ஏஎம்டியில் 'பிக்சல் ஃபார்மட்', அதில் ஆர்ஜிபி 4:4:4 ஃபுல். இன்டெலில் 'குவான்டைசேஷன் ரேஞ்ச்'. இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு: மானிட்டர் டிவிக் கணக்கான 'லிமிடெட்' எதிர்பார்க்க, கம்பியூட்டர் 'ஃபுல்' அனுப்பினால் நிழல்கள் அடைத்துக் கறுப்பாகிவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எழுத்தில் சிவப்பும் நீலமும் மட்டும் ஓரம் கசிந்தது போலத் தெரிந்தால் அது வேறு. 4:2:0 அல்லது 4:2:2-இல் போய்க்கொண்டிருக்கிறது. நிற விவரத்தைக் குறைத்து அனுப்பும் முறை அது. ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: போட்டோ பார்க்கும்போது மட்டும் வெள்ளை மஞ்சளாகிறது, மற்ற இடத்தில் சரி. – வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: தவறான கலர் புரொஃபைல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட்டில் 'கலர் மேனேஜ்மென்ட்' என்று தேடித் திறந்து, உங்கள் மானிட்டரைத் தேர்ந்து, 'யூஸ் மை செட்டிங்ஸ்' டிக் போட்டு, 'ஆட்' அழுத்தி எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைச் சேர்த்து 'டிஃபால்ட்' ஆக்குங்கள். போட்டோ புரோகிராமை மூடித் திறக்க மறக்காதீர்கள்.

கேள்வி: பழைய டிவியை மானிட்டராக வைத்திருக்கிறோம். கீழே டாஸ்க்பார் பாதி வெட்டுப்படுகிறது. – வாசகர், கெப்போங்

பதில்: இது ஓவர்ஸ்கேன், டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிக் காட்டுகிறது. கம்பியூட்டரில் எதையும் தொடாதீர்கள், டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று மாற்றுங்கள். பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அது இல்லாத டிவியில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினால் பல நேரம் வேலை முடிந்துவிடும், எழுத்தும் கூர்மையாகும்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி கணினி அறையில் ஒரு திரை மட்டும் திடீரென்று கறுப்பு வெள்ளையாகிவிட்டது. – ஆசிரியை, கோலாலம்பூர்

பதில்: மாணவர் யாரோ விண்டோஸ், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தியிருக்கிறார். மறுபடி அழுத்துங்கள். பிறகு 'அக்சஸிபிலிட்டி', 'கலர் ஃபில்டர்ஸ்' பக்கத்தில் அந்தக் குறுக்குவழியையும் அணைத்துவிடுங்கள்.