கரூர் பிரிண்ட் ஈரோட்டில் வருவது ஏன்?

கேள்வி: எங்களுக்கு ஈரோட்டில் அலுவலகம், கரூரில் கிளை. வெளிநாட்டு வாடிக்கையாளரின் மெயின்ஃபிரேமில் (பெரிய மையக் கம்ப்யூட்டரில்) ஆர்டர் ஏற்றி பேக்கிங் லிஸ்ட் எடுக்கிறோம். எங்கள் கம்ப்யூட்டர்களை அதோடு இணைக்கும் கேட்வே சர்வரின் மென்பொருளை மாற்றியதிலிருந்து, கரூரில் கொடுக்கும் பிரிண்ட் திடீரென்று ஈரோட்டு பிரிண்டரில் வருகிறது. கேட்வேயை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. ரெண்டு நாளில் திரும்பவும் அதே கதை. கோளாறு எங்கே?

பதில்: ரீஸ்டார்ட்டில் சரியாகிறது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மெயின்ஃபிரேமுக்குக் கரூரும் தெரியாது, ஈரோடும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எல்யூ (லாஜிக்கல் யூனிட்) பெயர்தான், அதாவது ஒவ்வொரு திரைக்கும் பிரிண்டருக்கும் உள்ள அடையாளப் பெயர். இந்தத் திரை எல்யூவுக்கு இந்தப் பிரிண்டர் எல்யூ என்று ஜோடி இருக்கும். எந்த எல்யூவை எந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது என்பது கேட்வேயின் பொறுப்பு.

அநேகமாக நடப்பது இது. ஈரோட்டில் கரண்ட் போகிறது. திரை ஓடிய கம்ப்யூட்டர் அணைகிறது. பிரிண்டர் செஷன், அதாவது மெயின்ஃபிரேமோடு பிரிண்டருக்கு உள்ள இணைப்பு, யுபிஎஸ் தயவில் தொடர்கிறது. சற்று நேரத்தில் கேட்வே அந்தத் திரை எல்யூவைப் பொதுப் பூலில் (யார் கேட்டாலும் கொடுக்கும் தொகுப்பில்) போட்டுவிடுகிறது. அடுத்து லாகின் செய்யும் கரூர்க்காரருக்கு அதுவே கிடைக்கிறது. ஜோடிப் பிரிண்டரோ இன்னும் ஈரோட்டில்! கோவை காந்திபுரத்தில் நடக்கிற கதைதான் இது: பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தவர் இறங்கிப் போய்விட்டார். துண்டை எடுக்காமலே அந்த சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டார். பிரிண்டர் செஷன் உயிரோடு இருக்கும்போது திரை எல்யூவை வேறு ஊருக்குக் கொடுப்பதை நான் கேட்வேயின் கோளாறு என்றே சொல்வேன்.

அடுத்த முறை தப்பாக வந்தால் உடனே ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், தடயம் அழிந்துவிடும். கேட்வேயின் நிர்வாகத் திரையில் கரூர் கம்ப்யூட்டருக்கு எந்த எல்யூ, ஈரோட்டு பிரிண்டருக்கு எந்த எல்யூ என்று பார்த்து, ஐபி முகவரியோடு படம் எடுத்து வையுங்கள். இரண்டும் ஒரே ஜோடி என்றால் சந்தேகமே இல்லை.

சரி, வழி? பிரிண்ட் எடுக்கும் கம்ப்யூட்டர்களைப் பூலிலிருந்து வெளியே எடுங்கள். கம்ப்யூட்டரும் கேட்வேயும் பேசிக்கொள்ளும் டிஎன்3270இ நெறிமுறையில் (அதன் வரையறை ஆவணம் ஆர்எஃப்சி 2355, 1998) எல்யூவைப் பெயர் சொல்லிக் கேட்க ‘கனெக்ட்’ உண்டு. ஒரு திரையின் ஜோடிப் பிரிண்டரைக் கேட்க ‘அசோசியேட்’ உண்டு. மெயின்ஃபிரேம் திரையை உங்கள் கம்ப்யூட்டரில் காட்டும் எமுலேட்டர் மென்பொருளில் இரண்டையும் அமைக்கலாம். திரை செஷன் அறுந்தால் பிரிண்டர் செஷனும் மூடும்படி வசதி இருந்தால் அதையும் போடுங்கள். ஐபியை வைத்து எல்யூ ஒதுக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பேன். இடையில் நாட் (NAT, பல கம்ப்யூட்டர்களை ஒரே ஐபியில் வெளியே அனுப்பும் ஏற்பாடு) இருந்தால் கிளை முழுவதும் ஒரே ஐபியாகத்தான் தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. எல்யூவை நிலையாக ஒதுக்கியபின் கரண்ட் போய் வந்தால், பழைய செஷன் இன்னும் இருப்பதாக நினைத்து கேட்வே உங்களையே உள்ளே விடாது. மறுமுனை இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் வழக்கமாக 2 மணி நேரத்தில் இருக்கும். அதை 5 நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம், எடுத்து வைத்த படத்தையும் அதே நேரத்து கேட்வே டிரேஸையும் (நடந்ததையெல்லாம் கேட்வே எழுதி வைக்கும் பதிவையும்) சேர்த்து மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். வெறுமனே ‘பிரிண்ட் மாறி வருதுங்க’ என்று எழுதினால், ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் என்றுதான் பதில் வரும்.