நியமனக் கடிதமா, முகவர் ஒப்பந்தமா?

கேள்வி: டிப்ளோமா முடித்த என் மகள் சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறாள். பெரிய காப்புறுதி நிறுவனத்தில் மாதம் 2,500 வெள்ளிக்கு வேலை வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். இந்த வேலையை விட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு விட வேண்டாம் அம்மா. அவர் சொல்வது வேலைதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உண்மையான ஊழியராகச் சேர்ந்தால் நல்ல இடம்தான். சம்பளம் தேதி தவறாது. குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தரும் நிறுவனங்கள் உண்டு. தொழில் தேர்வுக் கட்டணத்தைக் கட்டுபவையும் உண்டு. குறை என்றால், வருடக்கணக்கில் ஒரே வகைக் கோப்பைப் புரட்ட வேண்டும். ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்பினால் அறை வாடகையிலேயே சம்பளத்தில் ஒரு பகுதி கரையும். இவற்றைச் சமாளித்துவிடலாம்.

நான் அஞ்சுவது வேறு. தோட்டப்புறங்களில் இப்படி ஆள் சேர்ப்பவர்களில் பலர் மூத்த முகவர்கள், அதாவது சம்பளமின்றிக் கமிஷனுக்குப் பாலிசி விற்பவர்கள். உங்கள் மகளையும் முகவராகத்தான் சேர்ப்பார்கள். உங்கள் மகள் விற்கும் பாலிசிகளால் அவர்களுக்கும் வருமானம் உண்டு. அந்த 2,500 வெள்ளி, விற்பனை இலக்கை எட்டினால் மட்டும் தரும் உதவித்தொகையாக இருக்கலாம். முதலில் அத்தை, சித்தப்பா, கோயில் கமிட்டிக்காரர் என்று விற்றுவிடலாம். அதன்பின் யாரிடம் போவாள்? செம்பனைத் தோட்டத்துக் கூலியில் வாழும் சித்தப்பா சில மாதங்களில் பிரீமியத்தை நிறுத்திவிட்டால், உங்கள் மகளுக்குக் கொடுத்த கமிஷனைத் திருப்பிக் கேட்பார்கள். அந்த விதி ஒப்பந்தத்தின் நடுவில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் கிடக்கும். இதை ஒரே பக்கத்தில் தமிழிலோ மலாயிலோ எழுதிக் கொடுக்கச் சொல்ல மலேசியாவில் யாருக்கும் மனம் வரவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அவர்கள் தரும் கடிதத்தில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பற்றிய வரியைத் தேடுங்கள். இந்தச் சம்பளத்துக்கு இபிஎஃப்பில் மகளின் பங்கு 11 விழுக்காடு, முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. அந்த வரி இல்லையென்றால் அவள் பெரும்பாலும் முகவர்தான். காரணமின்றி நீக்கப்படும் ஊழியர் 60 நாள்களுக்குள் தொழில் உறவுத் துறையிடம் முறையிடலாம். முகவருக்கு அந்த வழியும் இல்லை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முகவர் தேர்வு எழுதச் சொன்னாலே அது முகவர் வேலை என்று முடிவு கட்ட வேண்டாம். விற்பனைக்கென மாதச் சம்பள ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அவர்களும் தேர்வு எழுத வேண்டியிருக்கலாம். அவர்களுக்கும் இலக்கு இருக்கும். ஆனால் இலக்கு தவறிய மாதத்திலும் அடிப்படைச் சம்பளம் வரும், அதற்கு இபிஎஃப்பும் கட்டப்படும். ஆகவே மகள் நேரடியாகவே கேட்கட்டும்: "ஒரு பாலிசிகூட விற்காத மாதம் எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" பதிலை எழுத்தில் வாங்கட்டும். வாய்ப்பேச்சு போதாது.

அந்தத் தெரிந்தவர் முன்பணம் கேட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். கடிதத்தைக் கையெழுத்திடாமல் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சேர்ந்துவிட்டால், முதல் மாத இபிஎஃப் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். அதை ஐ-அக்காவுன் என்ற இபிஎஃப் இணையக் கணக்கில் அவளே பார்த்துவிடலாம்.